கடலில் விட்டது

எங்கள் அலுவலகத்தில் சாமி படம் மாட்ட வேண்டிய இடத்தில் ஒரு பெட்டிப் படம் தொங்கியது. நாகர்கோவிலில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து அலுவலகமாக்கியிருந்தோம். வீட்டுக்காரர் சாமிக்கென்று அடித்து வைத்திருந்த ஆணியிலேயே எங்கள் பெரிய டாக்டரம்மா அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டினார். யாருக்கு என்ன வேலை, யார் யாரிடம் பேச வேண்டும், யார் யாரிடம் பேசக் கூடாது என்பதெல்லாம் அதில் பெட்டிகளும் அம்புக்குறிகளுமாக இருந்தன.

உச்சியில் இருந்த பெட்டி டாக்டரம்மாவுடையது. அவர்தான் தலைமை ஆய்வாளர். அதற்குக் கீழே ஒரே வரிசையில் மூன்று பெட்டிகள். ஒன்று புள்ளியியல் சாருக்கு. எண்களைப் பார்ப்பது அவர் வேலை. அடுத்தது சமூகவியல் மேடத்துக்கு. மனிதர்களை ஆழமாகப் புரிந்துகொள்வது அவர் வேலை. மூன்றாவது லேப் அண்ணாச்சிக்கு. குழாயையும் இயந்திரத்தையும் பார்ப்பது அவர் வேலை. எல்லாவற்றுக்கும் அடியில், களப்பணியாளர் என்று ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அது நான். சட்டம் போட்டவர் படத்தைக் கொஞ்சம் கூடுதலாக உள்ளே தள்ளிவிட்டதால் என் பெட்டியின் அடிக்கோடு மரத்துக்குள் போய்விட்டது. இதை டாக்டரம்மாவிடம் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். அடுத்த படத்தில் சரி செய்துவிடலாம் என்றார்.

ஜீப் ஓட்டும் அண்ணனுக்குப் பெட்டியே கிடையாது. திருவட்டாறு பக்கத்துக்காரர். எங்கள் வாட்ஸப் குழுவில் தினமும் முதலில் காலை வணக்கம் போடுவது அவர்தான். ரோஜாப்பூவோ, சூரியனோ, சில நாள் இரண்டும் சேர்ந்தோ வரும். எங்கள் எல்லோரையும் எல்லா இடத்துக்கும் கொண்டுபோனவரும் அவர்தான். ஆனால் படத்தில் இல்லை. கூட்டம் நடக்கும்போது கீழே ஜீப்பில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார்.

நாங்கள் ஆராய்ந்தது உப்பை. கன்னியாகுமரி மாவட்டத்து மக்கள் ஒரு நாளில் எவ்வளவு உப்பு சாப்பிடுகிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். வாயைத் திறந்து கேட்டால் எல்லோரும் சொல்லி வைத்தாற்போல் கொஞ்சம்தான் என்பார்கள். கருவாட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டே கொஞ்சம்தான் என்று சொன்னவரை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் சாப்பிட்ட உப்பில் பெரும்பகுதி சிறுநீரில் வந்துவிடும், அது பொய் சொல்லாது என்றார் டாக்டரம்மா. ஆகவே ஒரு முழு நாளில் ஒரு மனிதர் கழிக்கும் சிறுநீர் மொத்தத்தையும் ஒரு வெள்ளைக் கேனில் பிடித்துத் தர வேண்டும். ஐந்து லிட்டர் கேன், நீல மூடி.

இந்தக் கேனை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து, விளக்கிச் சொல்லி, மறுநாள் காலை வாங்கி வருவதுதான் படத்தின் அடியில் இருந்த பெட்டிக்காரியின் வேலை. நாலு பேர் பார்க்காமல் இருக்கக் கறுப்புப் பையும் கொடுத்தோம். மூன்றாம் நாளே ஊருக்கெல்லாம் விஷயம் தெரிந்துவிட்டது. அதன் பிறகு கறுப்புப் பை யார் கையில் இருக்கிறதோ அவரைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். பையில்லாமல் கேனை அப்படியே தூக்கிப் போயிருந்தால் மானம் மிஞ்சியிருக்கும்.

இதற்கு முன் ஒரு மருந்துக்கடையில் பதினோரு வருடம் நின்றிருந்தேன். நின்றிருந்தேன் என்பது சும்மா சொல்வதில்லை, அங்கே உட்கார நாற்காலி கிடையாது. இந்த வேலையில் எனக்கென்று ஒரு மேசை, ஒரு அடையாள அட்டை, படத்தில் முக்கால் பெட்டி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். இரணியலில் எங்கள் தெருவில் என்னை ஆராய்ச்சி என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். கேலிதான் என்றாலும் எனக்குப் பிடித்திருந்தது. இந்த வேலை போகக் கூடாது என்று எனக்கு வெறியே இருந்தது.

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. முழு நாளும் சேகரித்தாரா, ஆம், இல்லை. ஒரு தடவை தவறி வெளியே போய்விட்டாலும் இல்லை என்று போட வேண்டும். இல்லை என்றால் அந்தக் கேன் செல்லாது. மறுபடி முதலிலிருந்து. எந்தக் களப்பணியாளருக்கு இல்லை அதிகமாக வருகிறதோ அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது அதையும் கணக்கில் எடுப்போம் என்று புள்ளியியல் சார் முதல் கூட்டத்திலேயே சொல்லியிருந்தார். எந்தக் களப்பணியாளர் என்று அவர் பொதுவாகச் சொன்னாலும், இருந்தது நான் ஒருத்திதான்.

உள்நாட்டு ஊர்களில் ஒருவிதமாகச் சமாளித்தேன். குளச்சலுக்கு மேற்கே ஒரு கடற்கரைத் தெரு வந்ததும் மாட்டிக்கொண்டேன். கணவனும் மனைவியும் ஆளுக்கொரு கேன் தர வேண்டும். மனைவிமார் தந்துவிடுவார்கள். ஆண்கள் விடியும் முன்னே கடலுக்குப் போனால் மதியம்தான் கரை. வள்ளத்தில் கேனைக் கொண்டுபோங்கள் என்று சொன்னேன். அந்தச் சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். வலையை இழுக்கிறவன் கேனை எங்கே வைப்பான் என்று ஒருவர் பணிவாகவே கேட்டார். 

அந்தத் தெருவில் எனக்கு முதலில் பழக்கமானவர் மீன் விற்கும் ஒரு அக்கா. குளச்சல் சந்தைக்குக் கூடை கொண்டுபோகிறவர். தெருவில் அவர் சொன்னால் நடக்கும். முதல் வாரம் அவர் கணவரின் கேன் கால்வாசிதான் இருந்தது. நான் அவர் வீட்டு வாசலில் நின்று மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டேன்.

“எக்கா, இப்பிடி அரைகொறையா வந்தா எனக்க வேலைக்குத்தான் கேடு. எப்பிடியாவது நெறச்சுத் தந்திருங்க.”

அவர் கேனைத் தூக்கிக் கனம் பார்த்தார். அடுத்த வாரத்திலிருந்து அந்தத் தெருவில் எந்தக் கேனும் குறையவில்லை. ஆண்கள் கேன், பெண்கள் கேன், எல்லாம் திருப்தியான கனம். எல்லாப் படிவத்திலும் ஆம். திங்கட்கிழமைக் கூட்டத்தில் டாக்டரம்மா என்னைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். கேன் மகாராணி என்று ஜீப் அண்ணன் எனக்குப் பட்டம் கொடுத்தார். கடலுக்குப் போகிறவர்கள் கேனை எப்படி நிறைத்தார்கள் என்று எனக்குச் சந்தேகம் வரவே இல்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. வந்த சந்தேகத்தை உட்காரச் சொல்லாமல் வாசலோடு அனுப்பிவிட்டேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை புள்ளியியல் சார் தன் மடிக்கணினியைத் திருப்பி எங்களுக்குக் காட்டினார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், சத்தம் போட்டுப் பேச மாட்டார். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார், நாம்தான் குனிந்து கேட்க வேண்டும். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் நன்றாகவே குனிந்தோம். அந்தக் கடற்கரைத் தெருவில் கணவன் கேனும் மனைவி கேனும் ஒரே மாதிரி இருக்கின்றன என்றார். உப்பு மட்டுமில்லை, அண்ணாச்சி அளந்த மற்ற சமாச்சாரங்களும் கடைசிப் புள்ளி வரைக்கும் ஒன்று. ஒரு வீட்டில் என்றால் தற்செயல் என்று விட்டுவிடலாம், தெரு முழுக்க இரட்டைப் பிள்ளைகள் என்றார்.

அவரவர் பெட்டியிலிருந்து அவரவர் பேசினார்கள். லேப் அண்ணாச்சி இயந்திரத்தின் மேல் சத்தியம் செய்தார். சமூகவியல் மேடத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஒரே சட்டியில் சாப்பிடுகிறவர்கள், கடலோரத்துத் தாம்பத்தியத்தின் நெருக்கம் உடம்பிலும் தெரிகிறது என்று அவர் சொல்லிக்கொண்டு போனார். எங்கள் வீட்டிலும் ஒரே சட்டிதான், அப்படியெல்லாம் ஒரு நெருக்கமும் வரவில்லை என்று அண்ணாச்சி முணுமுணுத்தார். டாக்டரம்மா கேனைக் கழுவியதில் ஏதாவது கோளாறா என்று கேட்டார். கடைசியில் புள்ளியியல் சார் பேசினார்.

“ஒரு கேனில் இருந்ததை இரண்டாக ஊற்றியிருக்கிறார்கள். யார் என்று நான் சொல்லவில்லை. கேன் யார் கையில் இருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.”

எல்லோரும் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார்கள். அம்புக்குறிகளைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினால் கடைசியில் நான்தான் நிற்கிறேன். எனக்கு முகமெல்லாம் சூடானது. பதினோரு வருடம் மருந்துக்கடையில் ஒரு மாத்திரை கணக்குத் தப்பாமல் நின்றவள் நான். கள்ளி என்று ஒருவர் வாயால் சொல்லாமல் நாலு பேர் கண்ணால் சொன்னால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வாயை அடக்க முடியவில்லை.

“சாரு ஒரு நாளு அந்தக் கேனைச் சொமந்துட்டு நடந்து பாக்கணும். பொறவு பேசட்டு.”

 டாக்டரம்மாவுக்கு ஒரு குணம், எதையாவது சோதித்துப் பார்க்கலாம் என்றால் கோபத்தையும் மறந்துவிடுவார். நல்ல யோசனை என்றார். படத்தில் உள்ள எல்லோரும் வருகிற புதன்கிழமை முழு நாள் கேன் பிடிக்க வேண்டும், அண்ணாச்சி அளப்பார், வெள்ளிக்கிழமை பேசி என் ஒப்பந்தத்தைப் பற்றியும் முடிவெடுப்போம் என்றார். அதுவரை நான் களத்துக்குப் போகக் கூடாது.

அந்தத் தெருவில் என்னதான் நடந்தது என்று யாராவது போய்க் கேட்டுவிட்டால் விஷயம் தெளிந்துவிடும். ஆனால் கேட்க வேண்டியவர் யார் என்பதில்தான் படம் குறுக்கே வந்தது. ஏன் என்ற கேள்வி சமூகவியல் மேடத்தின் பெட்டியைச் சேர்ந்தது. என்ன, எத்தனை என்பது மட்டும்தான் என் பெட்டி. நான் யாரிடமும் ஏன் என்று கேட்கக் கூடாது, கேட்டால் பதில் கெட்டுப்போகும் என்று மேடம் எனக்குப் பயிற்சியிலேயே சொல்லியிருந்தார். சரி, நீங்களே கேளுங்கள் மேடம் என்றேன். கேட்கலாம், அதற்குத் தனிக் கேள்வித்தாள் தயாரித்து, நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பி, அனுமதி வந்து, ஒலிப்பதிவுக் கருவியோடு போக ஒரு மாதம் ஆகும் என்றார். எனக்கு இருந்தது ஒரு வாரம்.

ஞாயிற்றுக்கிழமை அடையாள அட்டையை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு பஸ் ஏறினேன். களத்துக்குத்தானே போகக் கூடாது, மீன் வாங்கப் போகலாம் என்று எனக்கு நானே அனுமதி கொடுத்துக்கொண்டேன். சர்ச்சில் பூசை முடிந்து அக்கா வீட்டில் இருந்தார். முற்றத்தில் வலையை விரித்து அதன் மேல் நெத்திலி காயப் போட்டிருந்தார். நான் போய் நின்ற கோலத்தைப் பார்த்ததும் முதலில் குடிக்க ஒரு சொம்பு வெள்ளம் கொடுத்தார், எங்கள் பக்கம் தண்ணீருக்கு அதுதான் பெயர். குடித்துவிட்டு, பெட்டிக்கு வெளியே இருந்த அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

அவருக்கு மறைக்க வேண்டும் என்ற எண்ணமே இல்லை. ஏதோ சமையல் பக்குவம் சொல்வதுபோல் சொன்னார். அவர் கணவர் கடலில் விட்டது போகத் தரையில் கிடைத்தது போதவில்லை. ஆகவே தன் கேனில் இருந்ததில் பாதியை அவர் கேனில் ஊற்றினார். கனம் போதாமல் இருந்ததால் அடுத்த முறை கூடுதலாக நாலு சொம்பு கஞ்சி வெள்ளம் குடித்தார். பக்குவம் பிடிபட்டதும் தெருவில் மற்ற பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். ஆண்களுக்கு இது எதுவும் தெரியாது.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. காய்ச்சல் வந்து கடலுக்குப் போக முடியாமல் ஒருவன் வீட்டில் கிடந்தாலும், அவன் கூட்டாளிகள் பிடித்து வந்த மீனில் அவனுக்கும் ஒரு பங்கு எடுத்து வைப்பார்கள். அவன் வீட்டுக் கூடை காலியாக இருக்கக் கூடாது. யாரும் இதைப் பெரிய தர்மமாகப் பேசுவதில்லை, அது அப்படித்தான்.

“காச்சல்ல கெடக்கவனுக்கே பங்கு வைக்கம்லா. இவரு கடலுல கெடக்காரு, இவருக்க பங்க நான் வச்சேன். அவருக்காட்டா செஞ்சேன்? உனக்க வேலை போவாண்டாம்னுதான் மக்கா.”

எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. நெத்திலியை மிதித்துவிடாமல் ஒரு ஓரமாக உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்படியே அழுகை வந்துவிட்டது. ஒரு தெருவே எனக்காகக் கஞ்சி வெள்ளம் குடித்திருக்கிறது. என்னை இவ்வளவு பேர் தாங்கியது என் வாழ்க்கையில் அதற்கு முன் நடந்ததில்லை. அக்காவுக்கு நான் எதற்கு அழுகிறேன் என்று விளங்கவில்லை. பங்கு சரியாக வரவில்லையா, இன்னும் கொஞ்சம் கூட ஊற்றியிருக்க வேண்டுமா என்று கேட்டார்.

திரும்பி வருகிற பஸ்ஸில்தான் என் நிலைமை முழுதாக உறைத்தது. பயிற்சியின் முதல் நாள் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தேன். ஆய்வுக்கு வருகிறவர்களிடம் களப்பணியாளர் தன் சொந்தக் கஷ்டத்தைச் சொல்லக் கூடாது, சொல்லி எதையும் கேட்கக் கூடாது. மீறினால் ஒப்பந்தம் ரத்து. நான் அந்த வாசலில் நின்று செய்தது அச்சு அசலாக அதுதான். உண்மையைச் சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் கள்ளி என்ற பெயரோடு வேலை போகும். இரண்டில் எது மேல் என்று இரணியல் வரும்வரை யோசித்தேன். முடிவு கிடைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை எல்லோருக்கும் கேன் எடுத்து வைத்தேன். ஜீப் அண்ணன் மாடிப்படியில் நின்று எண்ணிப் பார்த்தார். டாக்டரம்மா, சார், மேடம், அண்ணாச்சி, நான், ஐந்து கேன்.

“எனக்கும் ஒண்ணு தா தங்கச்சி. நான் மட்டும் ஒண்ணுக்குப் போவாத ஆளா?”

படத்தில் இல்லாதவர் கேனை எந்தக் கணக்கில் எழுதுவது என்று நான் யோசிக்கவில்லை. மிச்சம் ஒன்று இருந்தது, கொடுத்துவிட்டேன்.

புதன்கிழமை எங்கள் அலுவலகத்தைப் பார்த்திருக்க வேண்டும். டாக்டரம்மா ஒரு ஜவுளிக்கடைப் பையில் கேனை வைத்து, பட்டுச்சேலை எடுத்து வந்தவர் மாதிரி நிமிர்ந்து நடந்தார். சமூகவியல் மேடம் ஒவ்வொரு தடவையும் போய்வந்து நோட்டில் ஒரு பக்கம் எழுதினார். அண்ணாச்சிக்கு இதெல்லாம் பழக்கம், கேனைத் தோளில் மாட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனார். நான் மாலையில் பஸ்ஸில் கேனை மடியில் வைத்துக்கொண்டு போனேன். பக்கத்தில் இருந்த அம்மா பையைத் தட்டிப் பார்த்து, தேங்காய் எண்ணெயா, லிட்டர் என்ன விலை என்று கேட்டார். விற்பனைக்கு இல்லை என்றேன். புள்ளியியல் சாருக்கு அன்றைக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு கூட்டம். காலையில் ஜீப் அண்ணன்தான் அவரை ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டார்.

வியாழக்கிழமை காலை ஆறு கேனும் வந்து சேர்ந்தன. எல்லாம் நல்ல கனம். சாருடைய கேனை நான் தூக்கிப் பார்த்தேன். மனுஷன் சொன்னபடி செய்துவிட்டார் என்று எனக்கே கொஞ்சம் மரியாதை வந்தது.

வெள்ளிக்கிழமைக் கூட்டம் வந்தது. முறைப்படி அண்ணாச்சியின் எண்கள் புள்ளியியல் சாரிடம் போய், அவர் மடிக்கணினியில் வேகவைத்துத்தான் மேசைக்கு வர வேண்டும். ஆறே கேன்தானே, நேராக வாசித்துவிடுங்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அண்ணாச்சி தாளை எடுத்தார். அவர் மீசை ஒரு நிலையில் இல்லை. ஒவ்வொன்றாக வாசித்தார். டாக்டரம்மாவுக்குத்தான் உப்பு அதிகம். அது ஊறுகாயாக இருக்கும் என்று அவரே ஒப்புக்கொண்டார். மூன்றாவதாகப் புள்ளியியல் சாருடையதை வாசித்தார். ஆறாவதாக ஜீப் அண்ணனுடையதை வாசித்தார். வாசித்துவிட்டுத் தாளைக் கீழே வைத்தார்.

 யாரும் விளக்கத் தேவையில்லை, இரண்டும் ஒன்று என்று கடைசிப் புள்ளி வரைக்கும் எல்லோரும் காதால் கேட்டாயிற்று. எண்கள் ஒன்றாக இருக்கின்றன என்று எங்களுக்குச் சொல்ல வேண்டியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் காது இரண்டும் சிவந்திருந்தன. எனக்கு உள்ளுக்குள் தீபாவளி வெடிதான். அதை மறைக்கவும் நான் பெரிதாக முயலவில்லை.

சார் மெதுவாகப் பேசினார், நாங்கள் குனிந்தோம். ரயிலில் எதிர் சீட்டில் ஒரு குடும்பம் இருந்தால் அந்தப் பையை எடுத்துக்கொண்டு எப்படி எழுந்து போவது என்று நினைத்தேன் என்றார். அதற்காகக் கேனை ஜீப்பிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். சாயங்காலம் வந்து பார்த்தால் காலி.

“எல்லாரும் கொடுக்கப் போகிறார்கள். நான் மட்டும் காலிக் கேனை எப்படி நீட்டுவது? வெட்கமாக இருந்தது.”

டாக்டரம்மா ஜீப் அண்ணனை மேலே கூப்பிடச் சொன்னார். அவர் அந்தக் கூட்ட அறைக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. உட்கார நாற்காலி இல்லை, நான் எழுந்து என் நாற்காலியைக் கொடுத்தேன். அவருக்குத் தான் ஏதோ தப்பு செய்ததாகவே தோன்றவில்லை.

“மறுநாளு காலையில சாரு வெறுங்கேனையும் வச்சிட்டு நிக்கத பாத்தா சங்கடமா இருந்து. எனக்கக் கேனுல உள்ளதுல பாதிய ஊத்திக் குடுத்தேன். நம்ம ஆளில்லியா.”

டாக்டரம்மாவின் முகம் மாறியது. இப்போதுதான் விளங்குகிறது, அந்தத் தெருவிலும் மக்கள் தாங்களாகவே இப்படிச் செய்திருப்பார்கள், களப்பணியாளர் மேல் தவறில்லை என்று ஆரம்பித்தார். சமூகவியல் மேடம் பேனாவை எடுத்துவிட்டார். அண்ணாச்சி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் தப்பித்துவிட்டேன். சும்மா நின்றால் போதும், வேலை என்னுடையது, பெயரும் என்னுடையது.

ஆனால் தாங்களாகவே என்ற அந்தச் சொல் என்னைச் சும்மா நிற்க விடவில்லை. அவர்கள் தாங்களாகச் செய்யவில்லை. அக்கா எனக்காகச் செய்தார். அதை அவர் தலையில் கட்டிவிட்டு நான் என் மேசைக்குப் போய் உட்கார்ந்தால், அந்த வாசலில் இனி எப்படி நிற்பேன்?

“அவங்களாட்டு செய்யேல. நான் கேட்டேன். எனக்க வேலை போயிரும்னு சொல்லி, நெறச்சுத் தரணும்னு நான்தான் கேட்டேன்.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை போனதையும், கஞ்சி வெள்ளத்தையும், காய்ச்சல்காரன் பங்கையும். நான் கையெழுத்துப் போட்ட தாளையும் நானே ஞாபகப்படுத்தினேன். சொல்லி முடித்ததும் உட்கார இடம் தேடினேன். நாற்காலியை அண்ணனுக்குக் கொடுத்தது தப்பாகிவிட்டது.

எனக்காகப் பேசியது யார் என்று நினைக்கிறீர்கள்? புள்ளியியல் சார். அந்தப் படிவத்தில் உண்மையைச் சொல்ல ஒரே ஒரு இடம்தான் இருந்தது, அது இல்லை என்ற கட்டம், அதன் மேல் கத்தியைத் தொங்கவிட்டவன் நான் என்றார். ஒரு நாள் கேன் பிடிக்க முடியாமல் போனபோதே இது தெரிந்துவிட்டது, சொல்லத்தான் துணிச்சல் வரவில்லை என்றார். இந்த முறை எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே பேசினார்.

 டாக்டரம்மா எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார், கோப்பிலும் ஒரு நகல் போனது. ஒப்பந்தம் தப்பியது. அந்தத் தெருவில் எல்லாக் கேனையும் மறுபடி எடுக்க வேண்டும். சாருக்கும் ஒரு கடிதம் போனதா என்று எனக்குத் தெரியாது. படத்தில் அந்தச் செய்தி என் வரைக்கும் வர அம்புக்குறி கிடையாது. ஆனால் படிவத்தை மாற்றும்போது புதுக் கட்டத்துக்கு என்ன தலைப்பு போடலாம் என்று சார் என் மேசைக்கு வந்து கேட்டார். கேனுக்குள் வராமல் எத்தனை தடவை வெளியே போனது என்று எழுதுகிற கட்டம் அது. எத்தனை என்றாலும் யாருக்கும் தண்டனை கிடையாது. நான் சொன்ன தலைப்பையே போட்டார்.

மறுபடியும் அந்தத் தெருவுக்குப் போனேன். இனி அவரவருடையதை அவரவர் கேனில் மட்டும் பிடித்தால் போதும், குறைந்தால் குறையட்டும் என்று வீடு வீடாகச் சொன்னேன். அக்காவுக்குச் சமாதானம் ஆகவில்லை.

“அப்பம் அவரு கடலுல விட்டதுக்கு நீ என்னத்த எழுதுவா?”

“கடலில் விட்டதுன்னே எழுதுவேன். எத்தன தடவைன்னு மட்டும் அவரு சொன்னா போதும்.”

“அதுக்கு உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டாவளா?”

மாட்டார்கள் என்றேன். படிவத்தைக் காட்டினேன். கட்டத்தின் மேல் கடலில் விட்டது என்று அச்சிலேயே இருந்தது. அவர் அதை எழுத்துக் கூட்டி இரண்டு தடவை வாசித்தார்.

மறுநாள் காலை அவர் கணவருடைய கேனை வாங்கினேன். கால்வாசிகூட இல்லை. கடலில் விட்டது நாலு தடவை என்று அவரே வந்து சொன்னார். அன்றைக்கு ஜீப் அண்ணனுக்குக் காய்ச்சல், லீவு. நான் ஒரு ஆட்டோ பிடித்திருந்தேன். அக்கா ஆட்டோ வரைக்கும் கூடவே வந்தார். லேசான அந்தக் கேனை நான் தூக்கிப் போவது அவருக்கு என்னவோ மாதிரி இருந்திருக்கிறது. ஆட்டோ கிளம்பும் நேரத்தில் முந்தானைக்குள்ளிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்தார். நெத்திலிக் கருவாடு. கேன்தான் கனமில்லாமல் போகிறது, இதையாவது கொண்டுபோ என்றார்.

ஆய்வுக்கு வருகிறவர்களிடம் அன்பளிப்பு வாங்கக் கூடாது என்பதும் நான் கையெழுத்துப் போட்ட தாளில் இருக்கிறது. ஏற்கெனவே ஒரு கடிதம் வாங்கிய தைரியத்தில் பொட்டலத்தை நேராகக் கூட்ட மேசையில் கொண்டுபோய் வைத்தேன். டாக்டரம்மா இது விதிக்கு விரோதம் என்றார். உப்பு எவ்வளவு இருக்கும் தெரியுமா என்றும் கேட்டார். கேட்டுக்கொண்டே முகர்ந்து பார்த்தார். புள்ளியியல் சார் பழைய பேப்பரை விரித்துப் பங்கு போட உட்கார்ந்தார். அவர் போட்டால் ஒரு மீன் கூடக் குறைய இருக்காது. அறையில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். அவர் ஆறு பங்கு வைத்தார். ஆறாவதை மட்டும் தனியாக மடித்து, அதன் மேல் பேனாவால் ஜீப் அண்ணன் பெயரை எழுதினார்.